ஏஞ்சலின் ஏழாம் தேதி

ஏஞ்சல் இறந்தவர்களுக்கு முதலில் சட்டை மாற்றுவாள். கைப்பேசியில் வரும் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கணினியில் சேர்த்து வைத்திருக்கும் உடல்களில் ஒன்றின்மேல் பொருத்துவாள். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை. பெண்களுக்கு அரக்குக் கரை போட்ட பட்டு. வாழ்நாளெல்லாம் நூல் புடவையில் இருந்தவரானாலும் பட்டுதான். “காஞ்சிபுரத்துல செத்துட்டு நூல்ல போனா நல்லாவாக்கா இருக்குது?” என்பாள்.

என் அப்பா கண்ணாயிரம் திருப்புட்குழியில் நெல் பயிரிட்டவர். அவருடைய சட்டைப் பையில் ஒரு பேனாவையும் செருகிவிட்டாள். அவர் பேனா வைத்துக்கொண்டதே இல்லை என்றேன். “இருக்கட்டுங்க்கா. நாலு பேரு பாக்கறது.”

அவள் வேலை செய்யும் பேனர் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே இயந்திரத்தில்தான் அச்சாகும். அவளுக்கு முப்பது வயதிருக்கும். வலது கை மௌஸை விட்டு நகராது. டீயை இடது கையால் குடிப்பாள். வாடிக்கையாளர் எதைக் கொடுத்தாலும் இடது கையால்தான் வாங்குவாள். “கோச்சுக்காதீங்க, சோத்துக்கை வேலைல இருக்குது.”

கண்ணீர் அஞ்சலிக்கென்று அவள் தம்பி விஷால் ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கிறான். பெயர், வயது, ஊர் கொடுத்தால் போதும். ‘மறைவு’ என்ற இடத்தில் தேதியை நிரலே கணினியிடம் கேட்டு எழுதிக்கொள்ளும். எப்போதும் இன்றைய தேதி. இந்த ஊரில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். “பொணம் எடுக்கறதுக்குள்ள செவுத்துல ஏறிடணும்க்கா. மறுநாள் வரைக்கும் யாரு வெச்சினு இருக்கா?”

அப்பா ஆகஸ்ட் ஏழாம் தேதி மாலை நான்கு மணிக்கு இறந்தார். அன்றிரவு ஒட்டிய சுவரொட்டியில் பிழை இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கான பேனரில்தான் வந்தது. காரியத்துக்கு முந்தின நாள் காலையில் ஏஞ்சல் அதே கோப்பைத் திறந்து அச்சுக்குக் கொடுத்தாள். நிரல் மறுபடி கணினியிடம் தேதி கேட்டது. மறைவு: 21. காரியம்: 22.

வீட்டில் விரித்ததும் அம்மா படித்தார். “இன்னிக்கு செத்தாராம், நாளிக்கு பதினாறாம். அந்த மனுசனுக்கு என்னிக்குமே அவசரந்தான்.” பிறகு எழுத்து உள்ளே போகும்படி சுருட்டி என்னிடம் கொடுத்தார். “மாத்திக்கினு வா. இத வாசல்ல கட்டினா நான் வெளிய வரமாட்டேன்.”

ஏஞ்சல் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேதியைக் கையால் அடித்து மாற்றினாள். அச்சுக்குக் கொடுத்தவுடன் நிரல் குறுக்கே வந்து மறுபடி இருபத்தொன்று என்று எழுதியது. எனக்கு மென்பொருள் வேலை. ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும், நான் மாற்றித் தருகிறேன் என்றேன்.

“வேணாங்க்கா. போன தரம் ஒரு சார் இப்படித்தான் தொட்டாரு. ஒரு வாரம் எங்க கடையில எல்லாருமே ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எழுபது ஜனவரி ஒண்ணுல செத்தாங்க. பாதிப் பேரு அப்ப பொறக்கவே இல்ல!”

கணினிக்குத் தேதி கிடைக்காதபோது அப்படித்தான் வரும்.

“மிஷினையே நம்ப வெச்சிடலாம், இருங்க” என்றாள். திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைத் திறந்து, தேதியை ஏழுக்குக் கொண்டுபோனாள். மணியைத் தொடவில்லை. ஆகஸ்ட் 7, காலை 10.40 என்று மூலை காட்டியது. அச்சு இயந்திரம் ஓடியது. முதலில் அப்பாவின் நெற்றி வந்தது. பேனா வரச் சற்று நேரமானது.

“எத்தினி மணிக்குக்கா அப்பா?”

“சாயந்திரம் நாலு.”

அவள் மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்று அந்த நேரத்தில் அப்பா பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.

அச்சு முடிந்தது. மறைவு: 7. பேனரை நான் சுருட்டினேன். மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பேனர் அடிக்க வந்திருந்த வெங்கடேசன் என்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அதான் முடிஞ்சிடுச்சே. தேதிய பழையபடி மாத்திட்டு எம் பொண்ணு வேலைய பாரும்மா. எத்தினி நேரம் குந்திக்கினு இருக்கறது?”

“இருண்ணா. மிஷின் இன்னும் ரெடியாவல.”

ஏஞ்சல் மௌஸிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.