சட்டைப்பையில் அடங்கும் கேமரா

தம்போயில் கேமரா கடையை ஒட்டினாற்போல் ஒரு சின்னத் தேநீர் ஒட்டுக்கடை. நேற்று அங்கே தே தாரிக் என்ற நுரைத் தேநீரை உயரத் தூக்கி ஆற்றும் மாஸ்டரைப் படமெடுக்க முயன்று தோற்றேன். என் பெரிய கேமராவைத் தூக்கினாலே போதும், ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் குவளையை நெஞ்சோடு பிடித்துச் சிரிப்பார். எடுத்த படம் அத்தனையிலும் அதே சிரிப்பு.

இன்று அந்தக் கனத்தைக் கேமரா கடையிலேயே வைத்துவிட்டு, கடைக்காரப் பெண் கொடுத்த சின்னக் கேமராவோடு இந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

“பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஒரு தே குடிச்சிட்டு வாங்க. தொந்தரவா இருந்தா வாங்காதீங்க,” என்று அனுப்பியிருக்கிறார்.

சட்டைப்பையில் அது இருப்பதே தெரியவில்லை. தோள் வலியும் இல்லை.

மாஸ்டர் கையை உயர்த்துகிறார். கேமராவை எடுத்து ஒரு தடவை அழுத்துகிறேன். திரையில் தேநீர் ஒரு முழ நீளத்துக்கு அந்தரத்தில் நிற்கிறது. அவர் கண் குவளையை விட்டு நகரவே இல்லை. அப்பாடா, இதையே வாங்கிவிடலாம்.

தேநீரைக் கொண்டுவந்து வைக்கிறார் மாஸ்டர். “என்னாண்ணே, இன்னைக்கு போட்டோ எடுக்கலையா?”

“எடுத்துட்டேனே.”

“அலமாக்! சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்லா!”