தேயாத கார்பன்

என் அக்கா வீட்டுக்காரர் தன் லாரியைச் சமதரையில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. எங்கே நிறுத்தினாலும் அதன் முகம் இறக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருக்கும். காலையில் ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, கிளீனரிடம் கல்லை எடுக்கச் சொல்வார். வண்டி தானாக உருளும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் கிளட்சை விடுவார். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எழுபதுகளில் போடியிலிருந்து மலைக்கு லோடு ஏற்றிப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வண்டி எடுத்தார்கள். அரிசியும் உரமும் மேலே போகும், ஏலக்காயும் காப்பியும் கீழே வரும். போகிற இடமெல்லாம் சரிவு. சாவியைத் திருகினால் என்ஜினைச் சுற்றிவிட வேண்டிய செல்ஃப் மோட்டார், எல்லா லாரியிலும் ஒரு பக்கமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கெட்டுப்போனால் கெட்டது என்றுகூடத் தெரியாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த எனக்கு டைனமோ வேலை வரும், ஹாரன் வேலை வரும். லாரி செல்ஃப் வருவது அபூர்வம்.

ஒரு வருஷம் ஐப்பசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால், மச்சான் வழக்கம்போலக் கல்லை எடுக்கச் சொன்னார். மழை விடாமல் பெய்து குளிர் ஏறிக் கிடந்த நாள். கிளட்சை விட்டதும் என்ஜின் பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் பிடிக்கவில்லை. என்ஜின் ஓடாத லாரிக்கு பிரேக் பாதிதான் பிடிக்கும். செம்மண் சகதியில் வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. ஒரு கல்யாணத்துக்காகப் போடிக்கு வரவேண்டிய எஸ்டேட் பெண்கள் இரண்டு பேர் லாரியில் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மச்சான் வீட்டில் இதைச் சொல்லவில்லை. பம்பர் நெளிந்ததற்குப் பாறை உருண்டது என்று காரணம் சொன்னார். அந்தப் பெண்களோ சந்தையில் அக்காவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். உன் தாலி பாக்கியந்தான் எங்களையும் சேர்த்துக் காப்பாற்றியது என்றார்களாம். அக்கா காய்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மச்சான் என் கடைக்கு வந்தார். தோளில் சாக்கில் கட்டிய செல்ஃப் மோட்டார். பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தார். பின்னால் அக்கா. அவள் கடைக்குள் வரவில்லை. அவர் அதை மேசைமேல் இறக்கி வைக்கும்வரை ரோட்டிலேயே நின்றாள்.

“அப்பு, இதைச் சரி பண்ணிக் குடு. பண்ற வரைக்கும் லாரி நகராது. சாவி என் முந்தானையில இருக்கு” என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்து, “கேட்டியா மாப்ளே? எறக்கம் இருக்கிற ஊர்ல எதுக்கு செல்ஃபு? கடவுள் மலையைச் சும்மாவா சாச்சு வச்சிருக்கான்?” என்றார்.

“இனிமே உருட்டுறதுன்னா சொல்லிட்டு உருட்டச் சொல்லு” என்றாள் அக்கா, என்னிடம். “நானும் ஏறி உக்காந்துக்கிறேன். எந்த மரம் வருதுன்னு சேந்து பாப்போம்.”

அவள் போய்விட்டாள். மச்சான் ஒரு பழைய பேட்டரிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அலுப்பாக இருந்தது. அக்கா எனக்கு மூத்தவள், அவர் அவளுடைய புருஷன். இருவருக்கும் நடுவில் இருபத்தைந்து கிலோ இரும்பை வைத்துக்கொண்டு நான்.

எதைக் கழற்றினாலும் கழற்றின வரிசையில் ஒரு சாக்கின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கி வைப்பது என் வழக்கம். அன்று வரிசையில் முதலில் வைத்தது ஒரு குளவிக்கூடு. மண் காய்ந்து, உள்மூடியோடு ஒட்டிப்போயிருந்தது. பின்பக்க மூடியைத் தட்டித் தட்டிக் கழற்றியபோது துருவும் தண்ணீரும் கலந்து வழிந்தது. கார்பன் கட்டைகள் தங்கள் கூடுகளுக்குள்ளேயே இறுகிக் கிடந்தன. மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் சுழலும் பாகத்துக்குப் போக வேண்டும். சுழலும் பாகமான ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் வளையமாக இருக்கும், கார்பன் உரச வேண்டிய இடம் அது. பாசி பிடித்த குளத்துப் படி போலப் பச்சையாக இருந்தது. என்ஜின் சக்கரத்தின் பல்லைக் கவ்வ வேண்டிய பினியன் தண்டோடு துருவேறி அசைய மறுத்தது.

அது ஓடித் தேய்ந்து கெடவில்லை, சும்மா இருந்தே கெட்டிருந்தது. அதை அவரிடம் காட்டினேன்.

“அப்ப எம்மேல தப்பில்ல” என்றார் அவர். “நான் அதைத் தொடவே இல்லையே.”

துருவை எடுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஆர்மேச்சரின் சுற்றுக் கம்பிகளில் ஒன்றோடொன்று ஒட்டிய இடம் இருக்கிறதா என்று, மின்காந்தக் கட்டை மேல் வைத்து, ரம்பப் பிளேடு ஒன்றை மேலே பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். கெட்ட இடம் வந்தால் பிளேடு வண்டு மாதிரி அதிரும். எங்கும் அதிரவில்லை. ஆர்மேச்சர் பிழைத்தது. அதைச் சுற்றியிருக்கும் நான்கு பீல்டு காயில்களில் ஒன்றில் உறை நைந்து, செம்பு மோட்டாரின் இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்கையும் கழற்றி, பழைய துணியுறையை உரித்து, புதிய பருத்தி நாடாவை இழுத்துச் சுற்றி, வார்னிஷில் முக்கினேன்.

அங்கேதான் வேலை நின்றது. வார்னிஷ் காய வேண்டும். மழைக்காலத்தில் போடியில் துவைத்த வேட்டியே காயாது. மச்சான் ஒரு யோசனை சொன்னார். மேலே எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அறையில் எப்போதும் சூடு இருக்கும், மேஸ்திரி தெரிந்தவர், ஓர் இரவு வைத்து எடுத்தால் முறுக்கு மாதிரி ஆகிவிடும் என்றார். வார்னிஷ் வாடை ஏறிய ஏலக்காயை ஏலக்கடையில் யார் கையால் தொடுவார்கள் என்று கேட்டேன். அவருக்கு அது தோன்றவே இல்லை. “அவ சொல்றது சரிதான். எனக்குப் புத்தி மட்டுதான்” என்றார். அன்று மட்டுந்தான் அக்காவுக்கு ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தார்.

தகர டிரம்முக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, காயில்களைக் கம்பியில் மாட்டி மூடிவைத்தேன். கரண்டு போய்ப் போய் வந்தது. போகும்போதெல்லாம் டிரம்மைச் சாக்கால் போர்த்தினேன். காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ஆர்மேச்சரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தேனிக்கு பஸ்ஸில் போய், லேத்தில் செம்பு வளையத்தை ஒரு சீவு சீவி வாங்கி வந்தேன். கார்பனும் ஸ்பிரிங்கும் தண்டைத் தாங்கும் புஷ்களும் வாங்க மதுரைக்குப் பாசஞ்சர் ரயிலில் போனேன். திரும்பும்போது உசிலம்பட்டியில் நெடுநேரம் நின்றது. ஜன்னல் ஒழுகியது. சாமான் பொட்டலத்தை நனையாமல் வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். தோள்கள் வலித்தன. இவ்வளவும் எதற்கு, அந்த மனிதர் மறுபடியும் கல்லைத்தானே எடுக்கச் சொல்லப் போகிறார் என்று ஓர் எண்ணம் அப்போதே வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

புஷ்களை என்ஜின் ஆயிலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தேன். செம்புப் பட்டைகளுக்கு இடையில் இருக்கும் மைக்காவை உடைந்த ரம்பத் துண்டால் ஒவ்வொன்றாகக் கீறித் தாழ்த்தினேன். குனிந்தே செய்ய வேண்டிய வேலை. கழுத்து நிமிர மறுத்தது. கடைசியாகக் கார்பன். செம்பு வளையம் உருண்டை, புதுக் கார்பனின் முகம் தட்டை. உருண்டைக்கு ஏற்ப முகம் குழிய வேண்டும். அதற்காக மணல்தாளை வளையத்தைச் சுற்றி வைத்து, அதன்மேல் கார்பனை அழுத்தித் தேய்ப்போம். தேய்த்தபின் முகத்தில் மணல்தாளின் கீறல்கள் வரிவரியாக இருக்கும். மோட்டார் ஓட ஓட அந்த வரிகள் மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும்.

லாரி நின்ற இடத்துக்கே எடுத்துப்போய் மாட்டினேன். குரங்கணி ரோட்டுச் சரிவில், அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வண்டி வழக்கம்போல இறக்கம் பார்த்து நின்றிருந்தது. அக்கா முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். மச்சான் திருகினார். ஒரு உறுமல், ஒரே சுற்று, என்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் அணைத்துவிட்டு மறுபடியும் திருகினார். மூன்றாம் முறையும். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அக்கா சக்கரத்துக்கு அடியிலிருந்த கல்லை வீட்டுக்குத் தூக்கிவரச் செய்து, துணி துவைக்கிற இடத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மழைக்குப் பிறகு ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நாள் தவறாமல் அக்கா அவரை அனுப்பினாள். மோட்டார் மேசைக்கு வந்தபோது அதன்மேல் உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறை சுற்றி, கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டிருந்தது. மேலே தூசி இல்லை.

பின்மூடியைத் திறந்து ஒரு கார்பனை உருவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் போட்ட மணல்தாள் கீறல்கள் வரிவரியாக அப்படியே இருந்தன. அடுத்ததை எடுத்தேன். அதிலும். ஒரு வருஷம் ஓடிய கார்பன் இல்லை அது.

“மச்சான், இதை எத்தனை தடவை போட்டீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்தார். “போட்டேன் மாப்ளே.”

“எத்தனை தடவை?”

“அன்னைக்கு நீ மாட்டினப்ப மூணு தடவை. பெறகு பூசை அன்னைக்கு.”

அவரே பேசினார். மேலே எல்லா எஸ்டேட்டிலும் இந்த மோட்டாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். பானெட்டைத் திறந்து காட்டியிருக்கிறாராம். இந்த மாதிரி ஒன்று கம்பெனியில்கூட வராது, என் மச்சினன் கையால் கட்டினது என்று. “அவ்வளவு நல்லா இருக்குடா. தெனமும் போட்டு அதைக் கெடுக்க மனசு வரல. அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன்.”

அக்கா கல்யாணத்துக்குச் சீராக வந்த வெண்கலப் பானை இன்னும் வைக்கோல் சுற்றிப் பரணில்தான் இருக்கிறது. மச்சானின் நல்ல வேட்டி பெட்டியில் பழுப்பேறிக்கொண்டிருக்கிறது. அதே கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார். கோபம் வரவேண்டிய இடம். எனக்குக் கோபப்படத் தெம்பு இல்லை.

“அவசரம்னா எப்ப மச்சான்? மரம் தெரியிறப்பவா?” என்று மட்டும் கேட்டேன்.

தினமும் சாயங்காலம் “செல்ஃப் போட்டீங்களா” என்று அக்கா கேட்பதும், அவர் “ம்” என்பதும் எனக்குத் தெரியும். கார்பன்களைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, மூடியை முடுக்கி, பிளாஸ்டிக் உறையை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அன்றே அக்கா வீட்டுக்குப் போய்க் கார்பனில் கண்டதைச் சொன்னேன். கீறல் என்றால் என்ன, வழவழப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள். கடைசியில், “அப்ப வருசம் பூரா என்கிட்ட பொய்” என்றாள். சத்தம் போடவில்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள் என்று அப்போது நினைத்தேன்.

மோட்டாரை மாட்டிக்கொடுக்க மறுநாள் விடிந்ததும் போனேன். மாட்டி முடித்து லாரிக்கு அடியிலிருந்து எழுந்தபோது அக்கா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் எலுமிச்சம்பழம். மலைப்பாதை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அடிவாரத்து முந்தலைத் தாண்டி இரண்டு வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அதற்குத்தான் பழம். கேபினில் ஏறி, புடவையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எங்க?” என்றார் மச்சான்.

“உருட்டுங்க.”

வண்டி இறக்கம் பார்த்து நின்றது. சக்கரத்தின் கீழே வேறொரு கல், முன்னதைவிடப் பெரியது. கிளீனர் அதன் பக்கத்தில் குனிந்து கை வைத்துக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தார். மச்சான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ரோட்டின் திருப்பத்தில் ஒரு புளியமரம். அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“ஆத்தா, எறங்கு. சோலி கெடக்கு” என்றார் அவளிடம்.

“எனக்கு ஒரு சோலியும் இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து அவர் கை சாவிக்குப் போனது. திருகினார். மோட்டார் உறுமி, என்ஜின் பிடித்தது. அதன் பிறகுதான் கல்லை எடுக்கச் சொன்னார். அக்கா இறங்கவில்லை. வண்டி அவளோடு மலைக்குப் போயிற்று.

அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவள் போனாள். எந்த நாள் வருவாள் என்று அவரிடம் சொல்லமாட்டாள். சாயங்காலம் வெளுத்த முகத்தோடு இறங்கி, வாய் கொப்பளித்துவிட்டு அடுப்பு மூட்டுவாள். போதும் அக்கா, இனி போடாமல் இருக்க மாட்டார் என்று ஒருமுறை சொன்னேன். “கார்பன் சொல்லட்டும்” என்றாள்.

மறு வருஷம் மோட்டார் வந்தது. உறை இல்லை. செம்மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. திறந்தேன். கார்பன்கள் கண்ணில் படும்படி குட்டையாகியிருந்தன. முகம் கறுத்து வழவழவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. மச்சான் பேட்டரிப் பெட்டிமேல் உட்கார்ந்து, இவ்வளவு தேய்ந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். நான் ஒரு கார்பனைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாங்கிப் பார்த்தாள், கட்டைவிரலால் தடவினாள். விரலில் கரி ஒட்டியது.

“சரி” என்றாள். “நாளைக்கு நான் போகல. கொஞ்சம் படுக்கணும்.”