மார்லீன் வீட்டு பேஸ்மென்ட்

மார்லீன் பாவ்லுக் கனடாவின் கால்கரியில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிள்ளையைக்கூட இடம் மாற்றி இறக்கிவிட்டதில்லை. பேருந்து நின்று சிவப்பு விளக்கு மினுக்கும்போது எவனாவது காரை நிறுத்தாமல் தாண்டிப் போனால் அவன் தொலைந்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை எடுத்து வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வாள். சாயங்காலம் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் போலீசுக்குப் போன் போய்விடும். பிள்ளைகளின் உயிர் விஷயம், செய்ய வேண்டியதுதான். ஆனால் போனை வைக்கும்போது அவளுக்கு நாக்கில் ஒரு ருசி தட்டும். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் அவளுடையது நடு வீடு. இடப்பக்கம் லோர்னா டைக், புருஷனை இழந்தவள், மார்லீனின் உயிர்த்தோழி. வலப்பக்கம் எல்மர் ஹெய்ன்ஸும் அவர் மனைவி ஹில்டாவும். ஹில்டாவுக்கு நகரசபையோடு பேசாவிட்டால் பொழுது போகாது. குப்பைத்தொட்டி வழிமறித்து நின்றால் போன், நாய் குரைத்தால் போன், தெருவிளக்கு எரியாவிட்டால் போன்.

லோர்னா புருஷன் போனபின் வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட்டில் ஒரு அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வைத்து, கிளைட் என்கிற நியூஃபவுண்ட்லாந்துக்காரனைக் குடிவைத்தாள். வெல்டிங் வேலை, ஐம்பது வயது, முழங்கால் வலி. அனுமதி கினுமதி எதுவும் இல்லை. தெருவில் பாதி வீடு அப்படித்தான். முறைப்படி வாங்க வேண்டுமென்றால் வரைபடம் போட்டு, வீட்டு வாசலில் ஊரறிய ஒரு அறிவிப்புப் பலகை நட்டு, கடைசியில் நகரசபை உறுப்பினர்கள் பதினைந்து பேர் முன்னால் மைக்கில் நின்று குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஒரு அடுப்பு வைக்க இத்தனை பாடா என்று எல்லோரும் கமுக்கமாக இருந்துவிடுவார்கள்.

ஒரு ஜனவரி மாதம் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மார்லீன் தன் வீட்டு முன்னால் தெருவில் பனியை அள்ளி, ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடம் ஒழித்தாள். இரண்டு மணி நேரம், இடுப்பு ஒடிந்துவிட்டது. உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அந்த இடத்தில் கிளைடின் டிரக் நிற்கிறது. தெரு பொதுத் தெருதான், சட்டப்படி யாரும் நிறுத்தலாம். ஆனால் அள்ளினவருக்கே இடம் என்பது எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். மார்லீனுக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டு டிரக்கை எடுத்திருப்பான். கை பழக்கத்தில் பென்சிலைத் தேடியது. போனும் பக்கத்திலேயே இருந்தது.

"டைக் வீட்டு பேஸ்மென்ட்ல ஆள் குடியிருக்கு. அனுமதி கிடையாது" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "படுக்கையறை ஜன்னல் ரொம்பச் சின்னது" என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்த ஜன்னலை அவள் பார்த்தது லோர்னாவின் கூடவே கீழே போய், கிளைட் சுட்ட மீன் அடையைத் தின்றபோது.

நகரசபை அதிகாரி வந்தார். ஜன்னல் வழியாக ஒரு பூனை வெளியேறலாம், மனிதனால் முடியாது. தீப்பிடித்தால் கீழே இருப்பவன் கதி அவ்வளவுதான். மூடச் சொல்லி உத்தரவு. மாதக் கடைசியில் கிளைட் சாமானை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது லோர்னா வீட்டு வாசல் பனியை ஒருமுறை அள்ளி வைத்துவிட்டுப் போனான். மார்லீன் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லோர்னா மார்லீனின் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"யாருடி இப்படிப் பண்ணியிருப்பாங்க? எல்மர் வீடுதான். வேற யாரு? வேலிகிட்ட நின்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். அவன் வாயே திறக்கல. அதுக்கு என்ன அர்த்தம்?"

மார்லீன் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதித்துவிட்டிருந்தது.

"ஆமா, இருக்கும்" என்றாள்.

போன் செய்தது கோபத்தில். இதைச் சொன்னது கோபத்தில் இல்லை. அப்புறம் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்து, போனைவிட இந்த இரண்டு சொல்தான் பெரிய பாவம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த மே மாதம் ஹில்டா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். லோர்னா சாவுக்குப் போகவில்லை. மார்லீன் ஒரு தட்டு முட்டைக்கோஸ் சுருளை எடுத்துக்கொண்டு போனாள். எல்மர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். வாடகை நின்றதால் லோர்னா அறுபத்திரண்டு வயதில் மளிகைக்கடைக் கல்லாவில் எட்டு மணி நேரம் நிற்கப் போனாள். கால் வீங்கி வருவாள். மார்லீன் வெந்நீர் வைத்துக்கொடுப்பாள். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்பாள் லோர்னா. மார்லீனுக்கு அந்தத் தண்ணீரில் தன் முகத்தையே அமுக்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆறு வருடம் ஓடியது. மார்லீனின் ஒரே மகன் டார்சி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஜூனில் மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியோடு அனுப்பிவிடுவார்கள். மேல்தளத்தை அவனுக்கு விட்டுவிட்டு, பேஸ்மென்ட்டில் ஒரு சமையலறை போட்டுத் தான் கீழே போய்விடுவது என்று மார்லீன் முடிவு செய்தாள்.

"சும்மா போட்டுக்கோடி" என்றாள் லோர்னா. "யாரு கேக்கப்போறா?"

"இல்ல. முறைப்படி வாங்கிடறேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஒரு போன் போட எத்தனை நேரமாகும் என்று ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவள் வரைபடம் போட்டாள். படுக்கையறைக்கு ஆள் ஏறி வெளியேறும் அளவுக்குப் பெரிய ஜன்னல், அதற்கு வெளியே மண்ணைத் தோண்டி ஒரு குழி, மேலும் கீழும் சேர்ந்து அலறும் புகை அலாரம், பின்சந்தில் கார் நிறுத்த இடம். ஜன்னல் அளவை வரைபடக்காரர் சொல்லச் சொல்ல அவளுக்குக் காது சுட்டது.

வாசலில் பலகை நட்டார்கள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் காரியம் எளிதாகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். எல்மர் கதவு நிலையில் தாளை வைத்து உடனே போட்டுக்கொடுத்தார். "பையன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டார். லோர்னா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் தள்ளிவிட்டாள்.

"அந்தக் கோள்மூட்டி பேருக்குக் கீழ நான் என் பேரை எழுதணுமா? வேற தாள் கொண்டா. பத்துக் கையெழுத்து போடறேன்."

இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மார்லீனின் மனசு அடித்துக்கொண்டது. டார்சி கண்முன்னால் வந்தான். சொன்னால் இவள் போடமாட்டாள். போடாவிட்டால் அனுமதி போய்விட்டால்? வீட்டுக்குப் போய் வேறொரு தாள் எடுத்துவந்தாள். முப்பத்தோரு வருடம் நேர்மையாக வண்டி ஓட்டியவள், ஒரு தாளை இரண்டு தாளாக்கினாள்.

விசாரணை மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. லோர்னா வேலைக்கு லீவு போட்டு, தன் காரிலேயே அவளைக் கூட்டிப் போனாள். அன்று பதினேழு வீடு. ஒவ்வொருவராக மைக்கில் நின்று தங்கள் வீட்டு நோயையும் கடனையும் மணமுறிவையும் சொன்னார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும். மதியம் ஆயிற்று. கடைசி வரிசையில் கோட்டும் டையுமாக எல்மர் வந்து உட்கார்ந்திருப்பதை மார்லீன் அப்போதுதான் பார்த்தாள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அவள் முறை வந்தது. எழுதிவைத்ததைப் படித்தாள், மகன், சக்கர நாற்காலி, ஜன்னல் அளவு, கார் இடம். அடுத்து லோர்னா போனாள்.

"நான் இடப்பக்கத்து வீடு. எங்க வீட்லயும் ஒருத்தர் குடியிருந்தார். எங்ககிட்ட அனுமதி இல்ல, தப்புதான். ஆனா அக்கம்பக்கத்துல ஒருத்தர் கோள் சொல்லி, ஜனவரிக் குளிர்ல அந்த மனுஷனை வெளிய அனுப்ப வெச்சாங்க. அவங்க இந்த ரூம்லதான் உக்காந்திருக்காங்க. இவ அப்படி இல்ல. தெருவுலயே எனக்கு ஆறுதலா இருந்தது இவ ஒருத்திதான். இவளுக்குக் கொடுங்க."

எல்மர் எழுந்து மைக்குக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் வலப்பக்கத்து வீடு. கார் நிறுத்த இடம் இருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்ல. பையன் வீட்டுக்கு வரணும்."

அவ்வளவுதான். வந்த வழியே போய் உட்கார்ந்தார். லோர்னா அவர் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விண்ணப்பதாரர் கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார். வழக்கமாக எல்லோரும் இல்லை என்பார்கள். மார்லீன் எழுந்து போனாள்.

"லோர்னா வீட்டைப் பத்திப் போன் பண்ணது நான்" என்றாள். "எல்மர் இல்ல. நான்தான். ஒரு பார்க்கிங் இடத்துக்காகப் பண்ணேன். அப்புறம் பழி அவர்மேல விழுந்தப்போ, ஆமா இருக்கும்னு சொன்னதும் நான்தான்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இது நில உபயோகம் சம்பந்தமான விசாரணை. நீங்க சொல்றது எங்க பரிசீலனைக்குள்ள வராது."

"தெரியும் சார்" என்றாள் மார்லீன்.

ஓட்டுப் போட்டார்கள். ஒன்பதுக்கு ஆறு. அனுமதி கிடைத்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது லோர்னாவின் நாற்காலி காலி. ஓடிப்போய் மாடிப்படியில் பிடித்தாள். லோர்னா கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள்; ஒன்று தள்ளித் தப்பாகப் போட்டிருந்தாள்.

"லோர்னா..."

"உன் கையால வெந்நீர் வெச்சுக் குடுத்தியே, எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

மார்லீன் அந்தப் பட்டனைச் சரிசெய்யக் கை நீட்டினாள். லோர்னா தட்டிவிட்டாள்.

"என் கார்ல ஏறாதே. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவதானே, பஸ்ல வா."

மார்லீன் வாசலில் நின்றாள். மேற்கிலிருந்து சினூக் காற்று சூடாக அடித்து, தெருவெல்லாம் பனி உருகி ஓடிக்கொண்டிருந்தது. எல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"வா. வண்டி பின்னால நிக்குது."

எல்மர் டிரக்கைக் கிளப்பிப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்தார். பிறகு மார்லீன், "போன் பண்ணது நீங்க இல்லன்னு ஏன் அன்னிக்கே லோர்னாகிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"ஹில்டான்னு நெனச்சேன்."

மார்லீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவதான் எல்லாத்துக்கும் போன் பண்ணுவாளே. நீதானேன்னு கேட்டேன். நான் இல்ல எல்மர்னா. நம்பல. ரெண்டு வாரம் அவகிட்ட முகம் கொடுத்துப் பேசல. அப்புறம் டாக்டர் வியாதியைச் சொல்லிட்டார். பேச ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரில கடைசி வாரம் அவளாவே மறுபடி சொன்னா, அந்தப் போன் நான் பண்ணல எல்மர்னு." சிக்னலில் நிறுத்தினார். "நான் கையைப் பிடிச்சுக்கிட்டு, பரவாயில்ல, உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்."

மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு குடித்தனக்காரன், ஒரு சிநேகிதி, பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் என்று ஆறு வருடமாகத் தன் பாவத்தை எண்ணி வைத்திருந்தாள். இப்படி ஒன்று இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் டிரக் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து, சேற்றில் மெதுவாகப் போய் நின்றது.

"இறங்கு" என்றார் எல்மர்.

"நான் என்னன்னு..."

"மைக்ல சொன்னதையே சொல்லு. இங்க சிவப்பு லைட்டு எதுவும் கிடையாது."

அவள் இறங்கினாள். கல்லின் மேல் பாதிப் பனி உருகி, ஹில்டாவின் பெயர் மட்டும் தெரிந்தது. அனுமதிக் காகிதங்கள் கைப்பையில் இருந்தன. பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஹில்டா, நான்தான் போன் பண்ணேன்" என்றாள். "நீ இல்ல." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

எல்மர் தொப்பியைக் கழற்றினார். மார்லீனைப் பார்க்கவில்லை. குனிந்து கல்லின் மேலிருந்த மிச்சப் பனியைக் கையால் வழித்துவிட்டார்.

"நீ சொன்னது நிஜந்தான், ஹில்டா" என்றார்.