பெயர் விடுபட்ட மரண அறிவித்தல்

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தமிழ் வானொலி தொடங்கிய கதையை இப்போது மேடையில் சொல்கிறவர்கள், எல்லாரும் தோளோடு தோள் நின்று வளர்த்ததாகச் சொல்கிறார்கள். தோளாவது மண்ணாவது. மூன்று பேர்தான் இருந்தோம். மரக்கறிக் கடை வைத்திருந்த ஒருவர், கம்பி பொருத்தத் தெரிந்த அவருடைய மச்சான், நான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நகரத்து ஜெர்மன் வானொலி ஒன்று ஞாயிறு பின்னேரங்களில் ஒரு மணி நேரத்தைப் பொதுமக்களுக்கு விட்டிருந்தது. கடைக்காரர் அந்திராக் என்கிற விண்ணப்பம் எழுதிப்போட்டு, கந்தோர் கந்தோராகத் தெர்மீன் என்று சந்திப்பு நேரம் எடுத்து அலைந்து அதை வாங்கினார். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறைதான் எங்கள் நிலையம். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் தரை துடைத்த நான், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பாளர்.

பாட்டுப் போட்டோம், செய்தி வாசித்தோம், சமையல் குறிப்புக்கூடச் சொன்னோம். எங்கள் சனம் காத்திருந்ததோ மரண அறிவித்தலுக்கு. அது தொடங்கியதும் வீடுகளில் சத்தத்தைக் கூட்டுவார்களாம். செத்தவர் யார் என்பதைவிட, அவர் யாருடைய மாமனார், யாருடைய சகலன், கனடாவில் இருப்பது எந்த மகள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் நீ குடும்பம். இல்லையென்றால் இல்லை.

இது விளங்காமல் ஒருமுறை பிழை விட்டேன். வந்த தாளில் ஒரு மருமகனின் பெயரைக் காணவில்லை. எனக்குத் தெரிந்த மனிதர். மறந்துவிட்டார்கள் போலும் என்று நானே சேர்த்து வாசித்தேன். மறுநாள் அந்தக் குடும்பம் கடைக்கே வந்து, உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கத்தியது. அவர்கள் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தந்ததைத் தந்தபடியே வாசிப்பது என்று நானே சட்டம் போட்டேன். எத்தனையோ பேர் கெஞ்சியும் வளைந்து கொடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு ஞாயிறு, நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஃபாக்ஸில் ஒரு தாள் வந்தது. எங்கள் ஊரின் பெயர் இருந்தது. அம்மாவின் பெயர் இருந்தது. அப்பாவின் பெயரையும் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அம்மா முதல் நாள் யாழ்ப்பாணத்தில் இறந்துபோயிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அனுப்பியவர் என் தமையன். அதே எசனில், நாலு டிராம் நிறுத்தம் தள்ளி இருந்தார். நான் கட்டியவர் எங்கள் சாதி இல்லை என்பதற்காக எட்டு வருடமாக என்னோடு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ‘பாசமிகு தாயார்’ என்பதற்கு முன்னால் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. தமையனுடையதும், கனடாவில் இருக்கும் தம்பியுடையதும். மருமக்கள் இருந்தார்கள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், தமையனுடைய மாமனார் மாமியார்கூட இருந்தார்கள். நான் இல்லை. மூன்று தரம் தேடினேன், வெட்கமில்லாமல்.

கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“தங்கச்சி, நான் வாசிக்கட்டோ?”

“வேண்டாம் அண்ணை. என்ரை அம்மா.”

“அப்ப உங்கடை பேரையும் சேர்த்து வாசியுங்கோ. ஆர் வந்து கேட்டாலும் நான் பாக்கிறன்.”

“ஏலாது. தந்தபடிதான்.”

அவர் சொன்னது சரி. ஒரு பெயர். ஒரு மூச்சில் முடிந்திருக்கும். போர் ஓய்ந்திருந்த அந்த நாட்களில் அம்மா இரண்டு தரம் தமையனுக்குத் தெரியாமல் என்னோடு தொலைபேசியில் கதைத்திருந்தார். சாப்பிட்டியா, குளிருக்கு உடுப்பு இருக்கா என்று கேட்டார். அந்த அம்மாவுக்காகவாவது நான் சேர்த்திருக்க வேண்டும். அவர்கள் வெட்டிவிட்ட இடத்தில் நானாகப் போய் ஒட்டிக்கொள்வதா என்ற வீம்பு விடவில்லை. சட்டம் என்றது வெறும் சாட்டு.

வாசித்தேன். குரல் தழுதழுக்கவில்லை. அம்மாவின் பெயரை அப்படி ஊரறியச் சொன்னது அதுதான் முதல் தடவை, ஒரு செத்த அந்நியப் பெண்ணின் பெயர் மாதிரி. தொடர்புக்கு என்று தமையனின் தொலைபேசி எண்ணையும் இரண்டு முறை சொன்னேன். துக்கம் விசாரிக்க விரும்பியவர்கள் எல்லாரும் அங்கேதான் எடுத்திருப்பார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கடைத் தொலைபேசி அடித்தது. கடைக்காரர் எடுத்து என்னிடம் நீட்டினார். தமையன்தான். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். அழுதாலும் அழுவார், ஒரு வார்த்தை என்னைக் கேட்டாலும் கேட்பார் என்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எதிர்பார்த்தேன்.

“சனம் கனபேர் கேக்கேல்லையாம்,” என்றார். “வாற கிழமையும் ஒருக்கா வாசிக்க வேணும். இப்பிடியே.”

“ஓம்,” என்றேன்.

அடுத்த ஞாயிறும் வாசித்தேன், ஒரு எழுத்தும் மாறாமல். தமையனை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை. ஆனால் முதல் தடவை அவர் என்னைப் பட்டியலில் இருந்து எடுத்தார். இரண்டாம் தடவை, ஒரு கிழமை முழுக்க யோசிக்க நேரம் இருந்தும், எடுத்தது நான்.