தகரச் சுவரில் துள்ளிய தேயிலைத்தூள்

இன்னொருத்தியின் வேலையை என்னுடையது என்று சொல்லித்தான் நான் இங்கிலாந்துக்கு வந்தேன். இங்கே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அண்மையில் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, உங்கள் சமையலறைக் காற்றாடி இரைகிறதே, தொந்தரவாக இல்லையா என்று கேட்டார். காற்று குழாயின் வளைவில் சுழித்து மெல்லிய தகட்டில் மோதுகிறது, தகடு தனக்குப் பிடித்த சுருதியில் பாடுகிறது என்று மகிழ்ச்சியோடு விளக்கினேன். முகம் சிவந்து திரும்பிப் போனார். நிறுத்தச் சொல்லத்தான் வந்தார் என்பது பிறகே உறைத்தது. இந்த நாட்டில் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் அது புகார். நான் வளர்ந்த மலையில் சத்தம்தான் பிழைப்பு.

ஐம்பதுகளில், இலங்கை மலையகத்தில் நானுஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில், கொழுந்தைத் தூளாக்கும் வேலையைக் கவனிக்கும் உதவி டீமேக்கராக இருந்தேன். கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குச் சூடான காற்றைக் கொண்டுபோக ஆளுயரத் தகரக் குழாய் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். விசிறி ஓடினால் குழாய் உறுமும், பலகைத் தரை அதிரும். ஆலையை ஒட்டிய தோட்டப் பள்ளியில் ரோசலி டீச்சரின் குரல் முதல் வாங்கில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கே எட்டாது. அட்டன் நகரப் பள்ளியில் என்னோடு படித்தவள். வாய்த்துடுக்கு அதிகம்.

"என்னங்க டீமேக்கரய்யா, ஒங்க யானையக் கட்டிப் போடுங்க. இல்லாட்டி நான் பள்ளிக்கூடத்த மூடிட்டுக் கொழுந்தெடுக்கப் போறேன்" என்றாள் ஒரு நாள்.

"விசிறி பழசு டீச்சர், அதான்."

"பழி போட ஒங்களுக்கு விசிறிதான் கெடச்சுச்சா?"

தேயிலைப் பெட்டிப் பலகையில் அந்தக் குழாயைச் சிறிதாகச் செய்துகொண்டு வந்தாள். ஒரு பக்கத்துக்குக் கண்ணாடி, எதிர்ப்பக்கத்துக்குப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள். கொல்லப்பட்டறைத் துருத்தியால் நான் காற்றடிக்க, அவள் சாம்பிராணிப் புகையை உள்ளே விட்டாள். நேராக வந்த புகை வளைவில் கிழிந்து, சுருள் சுருளாகச் சுவரில் அறைந்தது. பிறகு ஈயத்தாள் மேலே வரும்படி படுக்கவைத்துத் தேயிலைத்தூளைத் தூவினாள். சில இடங்களில் தூள் துள்ளியது, சில இடங்களில் கோடாக ஒதுங்கி நின்றது. "துள்ளுற எடத்துக்கு வெலா எலும்பு வைக்கணும்" என்றாள். சுழல் கண்டபடி அடிக்கிறது, சுவர் தனக்குரிய அதிர்வை மட்டும் அதிலிருந்து பொறுக்கிக்கொள்கிறது. பின்னாளில் நான் பக்கம் பக்கமாக எழுதிய சமன்பாடுகள் எல்லாம் இதைச் சொல்வதற்குத்தான். அவள் ஒரு மாலையில் காட்டிவிட்டாள்.

தோட்டத்தை நிர்வகித்த துரையின் அனுமதியோடு, அவள் சொன்ன இடங்களில் இரும்புச் சட்டங்களை அடித்தோம். உறுமல் அடங்கியது. மறுநாள் விடியலில், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஒருவரும் இல்லை. வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுவதும் ஆலை வாசலில் நின்றது. குடியுரிமை பறிபோன பிறகு, ஆலை ஓடும்வரைதான் இந்த மண்ணில் இருக்க விடுவார்கள் என்ற பயம்; ஆலைச் சத்தம் கேட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம். "மிசின் செத்துப்போச்சாங்க? எங்கள இந்தியாப் பக்கம் ஏத்தி விட்ருவாங்களா?" என்று ஒருத்தி அழுதாள்.

"சாகலக்கா. இப்பத்தான் வாய மூடக் கத்துக்கிருக்கு" என்றாள் ரோசலி.

கொழும்பிலிருந்து இஞ்சினியர் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. "எம் பேர மட்டும் சொல்லிடுங்க. துரை ஒரு வார்த்த எழுதுனா டிரெயினிங் காலேஜ் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். யார் செய்தது என்று இஞ்சினியர் கேட்டார். நான்தான் என்றேன். துரை எழுதிய வார்த்தை எனக்குக் கிடைத்தது; அதைக் கொண்டுதான் இங்கிலாந்துக்குப் படிக்க வந்தேன்.

அறுபதுகளின் நடுவில் திரும்பிப் போனேன். இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன; யார் இந்தியாவுக்கு, யார் இலங்கையில் என்ற பேச்சே லயமெங்கும். அவள் பயிற்சி பெறாத ஆசிரியையாகவே இருந்தாள். புதுத் துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து, தேநீர் கொடுத்து, "அந்தக் குழாயையே மாற்றியாயிற்றே" என்றார். புதுக் குழாயில் சட்டங்கள் இல்லை. அதுவும் உறுமியது.

ரோசலி என்னை மேல்மாடிக்கு அழைத்துப்போனாள். கொழுந்து பரப்பிய பெண்களுக்கு முன்னால், அந்த வேலை அவளுடையது என்று கத்திச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அவள் என் காதருகே வந்தாள். "பொய் சொன்னப்ப அமைதியாத்தான இருந்துச்சு?"

"மன்னிச்சிரு ரோசலி."

"அது அப்புறம். மொதல்ல சுத்தியல எடுங்க."

தகரத்தில் உள்ளங்கை வைத்து அவள் இடம் காட்ட, நான் சட்டம் அடித்தேன். விசிறி மறுபடி ஓடியபோது பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அமைதியில் இன்னொரு முறை சொன்னேன். "இதச் சொல்லவா கப்பலேறி வந்தீங்க?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ரோசலி சிரிக்கவில்லை.

புதுத் துரை அவளுக்கு எதுவும் எழுதவில்லை. மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. குடும்பத்தோடு, தான் பார்த்தேயிராத திருச்சிக்குப் போய்விட்டாள். நான் இந்தப் பனிக்குத் திரும்பினேன். அந்த மலையில் நாங்கள் அடித்த ஆணிகள் மட்டும், எந்த நாடு என்று யாரும் கேட்காமல், அங்கேயே இருந்தன.