உடையாமல் வந்த சட்டங்கள்

"கொழும்பிலிருந்து வந்த பொன்முலாம் படச்சட்டங்களில் பாதி உடைவு, ஆறாவது புகார்க் கடிதம் எழுதினேன்" என்கிறது என் 1932ஆம் ஆண்டு நாட்குறிப்பு. அதே வியாபாரி அதே ரயிலில் அனுப்பியும், கண்டியில் என் எதிர்க்கடைக்காரருக்கு மட்டும் கீறலின்றி வந்தன. அவர் பக்கத்து ஊரான மடவளைக்காரர், மெலிந்த மனிதர். எனக்குத் தெரியும்படி தெருவில் நின்றே ஒவ்வொரு சட்டத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். பொறுக்காமல் போய், 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"எப்படி, நானா?"

"கடிதத்தால சட்டத்தைச் சுத்த ஏலுமா தம்பி? நான் ஓடரோட பழைய சாரமும் அனுப்புறேன்."

நானும் அடுத்த ஆர்டரோடு, இடுப்பில் கட்டிப் பழசான நான்கு சாரம் அனுப்பினேன்; அதில் ஒன்று நீலம். என் சட்டங்கள் மறுபடியும் வெறுங்காகிதத்தில் உடைந்தே வந்தன. அவருடையவை அம்முறை இரட்டைச் சுற்றில் வந்தன. மேலே சுற்றியிருந்தது என் நீலச் சாரம்தானா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.