பிழையான நகரத்துக்குப் போன கடிதங்கள்

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு சீனர் தனியாக இருக்கிறார். ஓய்வுபெற்ற சமையற்காரர். சிறுவயதில் தகப்பனோடு ஹொங்கொங்குக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் வந்தவர். நான் நூலகத்தில் வேலை செய்பவன் என்று அறிந்து, ஒரு சனிக்கிழமை காலை மடித்த தாளொன்றோடு கதவைத் தட்டினார். அது சீனப் பேரரசர் காலத்தில் அவருடைய அப்பப்பா எழுதிவைத்த ஊர் விலாசம்; இதுதான் எங்கள் ஊர் என்று சொல்லித் தகப்பன் அவரிடம் கொடுத்தது.

"மூன்று கடிதம் போட்டுவிட்டேன். அப்படியொரு ஊர் தங்களிடம் இல்லையென்றுதான் அந்த நகர அலுவலகத்திலிருந்து பதில் வருகிறது," என்றார். பிறகு, "அப்பா எனக்குப் பொய் சொல்லிவிட்டாரோ தெரியவில்லை," என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

விலாசத்தை வாசித்து விளக்கச் சொன்னேன். முதலில் மாகாணம். அதற்குள் 'ஃபூ' என்ற பெரும்பிரிவு. அதற்குள் 'ஷியன்' என்ற சிறுபிரிவு. கடைசியில்தான் ஊர்.

எனக்கு யாழ்ப்பாணக் கச்சேரி, எங்கள் மாவட்ட அரச அலுவலகம், ஞாபகம் வந்தது. அங்கே ஆறு வருடம் கிளாக்கராக இருந்தேன். கிளிநொச்சி ஒருகாலத்தில் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. பிறகு தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். கிளிநொச்சிக்குப் போகவேண்டியவர்கள், பழைய பத்திரத்தோடு எங்கள் கந்தோருக்கு மாறி வந்து நின்ற எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

"ஃபூவின் பெயரில் இருக்கிற நகரத்துக்கோ எழுதினீங்கள்?"

"வேறெங்கே எழுதுவது?"

"அந்த ஃபூவையே இப்ப எடுத்துப்போட்டாங்கள் போல. நாங்கள் ஷியனைத் தேடிப் பாப்பம்."

திங்கட்கிழமை நூலகத்தில் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். எனக்குச் சீன எழுத்துத் தெரியாது. அவருக்கு எல்லைக் கோடுகள் பிடிபடவில்லை. அவர் வாசிக்க, நான் ஆற்றின் வளைவைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினேன். மத்தியானம் தாண்டியபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஷியன் பெயர்கூட மாறாமல் அங்கேயே இருந்தது. அதைப் பக்கத்திலுள்ள வேறொரு நகரத்தோடு சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்," என்றார். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

நாலாவது கடிதத்தை ஷியன் அலுவலகத்துக்கே போட்டார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஊரில் அவருடைய சித்தப்பாவின் மகன் ஒருவர் இருக்கிறாராம். தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தார்கள். தனியாக எடுக்கப் பயமென்று என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

மறுமுனையில் யாரோ பேசினார்கள். இவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். தகப்பன் செத்தபிறகு அந்த ஊர்ப் பேச்சை ஒருவரோடும் பேசியதில்லையாம். கொஞ்சநேரத்தில் குரல் உயர்ந்தது, சிரிப்பும் வந்தது. நான் இருப்பதையே மறந்துபோனார். மெல்ல எழும்பி, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.